பத்து ரவுண்டு

அம்மாவிடம் ஓசூர் வரைக்கும் என்று மட்டும்தான் சொன்னேன். பைக்கில் தனியாகப் போகிறேன், அதுவும் ஆனேக்கல் தாண்டி மண் ரோட்டிலேயே தமிழ்நாட்டுத் தளிப் பக்கம் போகிறேன் என்று சொல்லியிருந்தால் ராத்திரி பதினோரு மணிக்கு மாமாவுக்கு போன் போயிருக்கும், மாமா எனக்கு போன் பண்ணியிருப்பார், ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்குப் பெங்களூரு அல்சூரை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டியவன் போர்வைக்குள்ளேயே கிடந்திருப்பேன். அதனால் ஓசூர்.

ஏன் தனியாக என்று ஆபீசிலும் கேட்டார்கள். போன வருஷம் ஒரு பைக் குழுவோடு போனேன். 14 வண்டிகள். ஏழு மணிக்கு ஹைவேயில் தட்டு இட்லி, எட்டு மணிக்கு வரிசையாக நிறுத்திவைத்து போட்டோ, ஒன்பதுக்கு இன்னொரு காபி, பதினொன்றுக்கு எல்லாரும் வீடு. இத்தனைக்கும் அதில் பாதிப் பேர் காட்டாறு தாண்டுகிற மாதிரி பெட்டி, பம்பர், கூடுதல் விளக்கு எல்லாம் பூட்டியிருந்தார்கள். அந்த வண்டிகள் பார்த்த பெரிய மேடு மெட்ரோ வேலைக்காக வெட்டிப்போட்ட ரோடாகத்தான் இருக்கும். அன்றைக்கே முடிவு பண்ணினேன், இனிமேல் நானும் என் வண்டியும்தான். இன்னொரு காரணமும் உண்டு. வாரம் முழுக்க ஹெட்செட் மாட்டிக்கொண்டு பேசுகிற வேலை. ஒருநாள் முழுக்க ஒருத்தரிடமும் வாயைத் திறக்காமல் இருந்து பார்க்க ஆசை. அது நடக்கவில்லை என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

வண்டி செகண்ட் ஹாண்டில் வாங்கிய எக்ஸ்பல்ஸ் 200. முன் சக்கரம் 21 இஞ்ச், பின்னால் 18, இரண்டும் ஸ்போக், இரண்டிலும் டியூப். டியூப் டயர் என்றால் முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படியில்லை, ஆனால் பஞ்சர் ஆனால் சக்கரத்தையே கழற்றியாக வேண்டும் என்பது மனதில் இருக்கணும். பையில் டயர் பிரிக்க இரண்டு லீவர், ஒரு கைப்பம்பு, ஸ்பானர், கிளச் கேபிள் ஒன்று, இரண்டு லிட்டர் தண்ணீர், கடலை மிட்டாய், அப்புறம் ஒரே ஒரு 21 இஞ்ச் டியூப். ஏன் இரண்டு எடுக்கவில்லை என்றால், முன் சக்கர டியூபை அவசரத்துக்குப் பின் சக்கரத்தில் மடக்கிப் போட்டு ஓட்டிவிடலாம், பின்னாலிருப்பதை முன்னால் இழுத்துப் போட முடியாது. ஒன்றுதான் எடுக்க முடியும் என்றால் பெரியதை எடு என்பது பழைய ஆட்கள் சொல்லிக்கொடுத்தது.

சந்தாபுரம் வரைக்கும் எழுத ஒன்றுமில்லை. அந்த நேரத்திலும் ஓசூர் ரோட்டில் லாரி, கம்பெனி பஸ், இருட்டில் ரோடு தாண்டுகிறவர்கள். வலது பக்கம் திரும்பி ஆனேக்கல் போனபோது வெளுக்க ஆரம்பித்திருந்தது. ஊருக்கு வெளியே நிறுத்தி இரண்டு டயரிலும் காற்றை 22 பிஎஸ்ஐக்கு இறக்கினேன். தாரில் 30க்குப் பக்கத்தில் வைத்து ஓட்டுகிற டயர், மண்ணில் கல்லாக இருக்கும், குறைத்தால் கொஞ்சம் பரந்து பிடித்துக்கொள்ளும். ரொம்பக் குறைத்தாலும் கல்லில் அடித்து ரிம் நசுங்கும். எல்லாம் ஒரு குத்துமதிப்புதான்.

மண் ரோடு என்றதும் ஏதோ ஒரே ரகம் என்று நினைக்காதீர்கள். காலையில் பனி விழுந்த செம்மண் மாவு பிசைந்தது போல் டயரைப் பிடித்துக்கொள்ளும், அதில் ஓட்டுவது சுகம். அதே மண் பத்து மணி வெயிலுக்கு அப்புறம் முகப்பவுடர். டிராக்டர் போன இடத்தில் இரண்டு பள்ளம், நடுவில் புல் மேடு. பள்ளத்துக்குள் இறங்கினால் அது விடுகிற வரைக்கும் அதற்குள்ளேயேதான் போகணும், நடுவில் ஏற முயற்சி பண்ணினால் சக்கரம் வழுக்கிக் கீழே தள்ளும். நின்றுகொண்டு ஓட்டணும், முழங்காலால் டாங்கியைப் பிடிக்கணும், கண் தூரமாகத் தள்ளிப் பார்க்கணும். கல்லைப் பார்த்தால் கல்லுக்குத்தான் போகும் வண்டி. இதெல்லாம் எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் விழுந்தேன்.

ஒரு ஓடை. தண்ணீர் இல்லை, கணுக்கால் ஆழத்துக்கு மணல். மணலில் தைரியமாக ஆக்சிலேட்டரைத் திருகிக்கொண்டே போகணும், முன் சக்கரம் அங்கேயும் இங்கேயும் ஆடும், ஆடட்டும் என்று விட்டுவிடணும். நான் பாதியில் பயந்து முன் பிரேக்கைத் தொட்டேன். எட்டு, பத்து கிலோமீட்டர் வேகம்கூட இருக்காது. ஹாண்டில் மடங்கியது, வண்டி இடது பக்கம் சாய்ந்தது, நான் அதன் மேலே. எஞ்சின் அணைந்தது. அப்புறம் வந்த அமைதி இருக்கிறதே, பெட்ரோல் வாசனையோடு ஒரு கொண்டைக்குருவி சத்தம் மட்டும். யாரும் பார்க்கவில்லை என்பதில் முதலில் சந்தோஷம், இரண்டு நிமிஷம் கழித்து யாருமே இல்லை என்பதில் லேசாக வயிறு கலங்கியது. 150 கிலோவுக்கு மேல் இருக்கிற வண்டி. முதுகை சீட்டுக்குக் கொடுத்து, ஒரு கையில் ஹாண்டிலும் ஒரு கையில் பின் கம்பியும் பிடித்து, காலால் பின்னுக்கு நடந்து தூக்கணும் என்று வீடியோவில் பார்த்திருக்கிறேன். வீடியோவில் சிமெண்ட் தரை. மணலில் என் கால்தான் உள்ளே போனது.

மூன்றாவது முயற்சியில் பின்னாலிருந்து ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் சத்தம். அதன் மேல் ஒரு பெரியவர், அவருக்கு முன்னால் பால் கேன் இரண்டு, பின்னால் ஆளை விட உயரமாகப் பசும்புல் கட்டு. நான் விழுந்த அதே மணலில், ரப்பர் செருப்புக் காலை இரண்டு பக்கமும் ஊன்றி ஊன்றி, துடுப்புப் போடுகிற மாதிரி வந்து, என் பக்கத்தில் நிறுத்தினார்.

"யாவ் ஊரு?"

வண்டி கீழே கிடக்கிறது, நான் முட்டி வரை மண்ணோடு, முதல் கேள்வி இது. அல்சூர் என்றேன். "பெங்களூரா," என்று தமிழுக்கு வந்துவிட்டார். "சரி, அந்தப் பக்கம் பிடி சாமி." ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஒரே மூச்சில் நிமிர்த்திவிட்டோம். கிளச் லீவர் கொஞ்சம் வளைந்ததோடு சரி. அவர் என் வண்டியை முன்னும் பின்னும் பார்த்தார். "இவ்ளோ உசரமா இருந்தா கால் எப்படிப்பா எட்டும்?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. டிவிஎஸ் 50 ஓசூர் ஆலையிலிருந்து 1980இல் வந்தது. அன்றிலிருந்து அந்த மொபெட்டும் அதன் வழி வந்த எக்ஸ்எல்லும்தான் இந்தப் பக்கம் பாலும் புல்லும் கோழியும் கல்யாணப் பெண்ணும் சுமக்கின்றன. ஜாக்கெட், முட்டிக் கவசம், ஹெல்மெட் கேமரா வைத்துக்கொண்டு நாங்கள் சாகசம் என்று சொல்கிற ரோட்டில் அவர்கள் தினம் இரண்டு தடவை சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகிறார்கள்.

அவரிடம் ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன். "இந்த ரோடு தளிக்குப் போகுமா?" என்று கேட்டதற்கு, "அப்படிக் கேட்டா எல்லாரும் போகும்னுதான் சொல்வாங்க. இந்த ரோடு எங்க போகுதுன்னு கேளு" என்றார். அன்றைக்கு முழுக்க அப்படித்தான் கேட்டேன், ஒரு தடவைகூடத் தப்பவில்லை. கைபேசி மேப் மூன்று தடவை தப்பியது. ஒருமுறை நேராக ஒருத்தர் வீட்டு மாட்டுக்கொட்டகைக்கே கூட்டிக்கொண்டு போய் விட்டது.

மாநில எல்லையை எங்கே தாண்டினேன் என்று தெரியவில்லை. மண் ரோட்டில் அதற்கெல்லாம் போர்டு கிடையாது. ஒரு ஊரில் பால் சொசைட்டிச் சுவரில் கன்னடம் இருந்தது, கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு ஊரில் நியாய விலைக் கடைச் சுவரில் தமிழ். நடுவில் முள்ளங்கி, முட்டைக்கோஸ், பச்சை வலை போட்ட ரோஜாக் கொட்டகைகள், அறுத்த ராகிக் கொல்லைகள். டீக்கடையில் நான்கு பேர். ஒருத்தர் தெலுங்கில் கேட்கிறார், இன்னொருத்தர் கன்னடத்தில் பதில் சொல்கிறார், கடைக்காரம்மா தமிழில் திட்டுகிறார். என்னைப் பார்த்ததும் மூன்று மொழியிலும் ஒரே கேள்விதான். எந்த ஊரு?

இந்தக் கேள்வி எனக்குப் பழக்கம். பெங்களூரில் தமிழ் பேசினால் அடுத்த வரியே "ஊர்ல எங்க?" என்பதுதான். எனக்கு அப்படிச் சொல்ல ஊர் இல்லை. தாத்தாவின் தாத்தா வட ஆற்காடு பக்கமிருந்து கண்டோன்மெண்டில் பட்டாளத்து வேலைக்கு வந்தவர் என்பார்கள். 1809இல் வெள்ளைக்காரன் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பட்டாளத்தை இங்கே மாற்றிய பிறகு அப்படி வந்தவர்கள் நிறைய. எந்த கிராமம் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அல்சூர்தான் ஊர் என்றால் கேட்டவர்கள் நம்பாமல், "இல்ல, சொந்த ஊரு?" என்று மறுபடி கேட்பார்கள். டீக்கடையிலும் அதே கதைதான் ஓடப்போகிறது என்று நினைத்தேன். அங்கே பீடி பிடித்துக்கொண்டிருந்த ஒருத்தர், "எங்கப்பா காலத்துல இது சேலம் ஜில்லா. நான் பொறந்தப்புறம் தர்மபுரி. 2004ல கிருஷ்ணகிரின்னாங்க. நாங்க எங்கயும் போகல, இங்கியேதான் உட்கார்ந்திருக்கோம்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்து, அவரைக்காய் விலைக்குப் போய்விட்டது.

பதினொன்றரை இருக்கும். ஒரு சின்ன ஊர். மண் ரோடு முடிந்து ஊருக்குள் மட்டும் ஒரு அரை பர்லாங்குக்குத் தார். அந்தத் தார் மேல் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் ராகிக் கதிரைத் தாளோடு பரப்பிவைத்திருந்தார்கள், முழங்கால் உயரத்துக்கு. டிசம்பர், ஜனவரியில் பெங்களூரைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் இந்தக் காட்சிதான். களம் மெழுகி, மாடு கட்டிப் போரடிக்க இப்போது ஆள் இல்லை, மாடும் இல்லை. போகிற வருகிற வண்டிச் சக்கரம்தான் கதிரடிக்கிறது. இரு சக்கர வண்டிக்கு அது ஆபத்து. காய்ந்த தாள் மேல் பிரேக் போட்டால் பாசியில் கால் வைத்த மாதிரி. காருக்கும் நல்லதில்லை, தாள் அடியில் சுற்றிக்கொண்டு சைலன்சர் சூட்டில் தீப்பிடித்த கதைகள் உண்டு. நான் ஓரமாக நிறுத்தி, இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாமா என்று யோசித்தேன்.

"ஏன் தம்பி நிக்கற? மேலயே ஏத்து!"

தலையில் துண்டு கட்டிய ஒரு அக்கா, கையில் வைக்கோல் தள்ளுகிற கவைக்கோல்.

"வழுக்குமே அக்கா."

"மெதுவா போனா வழுக்காது. காலைல இருந்து ரெண்டு வண்டிதான் வந்திருக்கு. அந்த டயரு நல்லா பல்லு பல்லா இருக்கு பாரு, அதான் வேணும்."

மெதுவாக ஏற்றினேன். டயருக்கடியில் கதிர் நொறுங்குகிற சத்தம் அப்பளம் மிதிக்கிற மாதிரி இருந்தது. அந்தக் கடைசிக்குப் போனதும், "திருப்பிக்கோ, இன்னொரு வாட்டி வா" என்றார். போனேன். "இந்த ஓரமா ஒரு வாட்டி." போனேன். அவர் வீட்டுக்காரர் திண்ணையிலிருந்து சிரித்துக்கொண்டே, "பாவம் விடு, பெட்ரோல் என்ன விலை விக்குது" என்கிறார், அந்த அக்கா கேட்பதாக இல்லை. ஒவ்வொரு தடவையும் கவைக்கோலால் தாளைப் புரட்டிப் போடுவார், நான் வருவேன். எண்ணிக்கொண்டே இருந்தேன், பத்து ரவுண்டு. காலையிலிருந்து மணலிலும் பள்ளத்திலும் கற்றதை விட இந்த அரை பர்லாங்கில் அதிகம் கற்றேன் என்பது உண்மை. பிரேக்கே தொடாமல், கிளச்சை வைத்து, கோழியை மிதிக்காமல் ஓட்டணும். பத்தாவது ரவுண்டில் பின் சக்கரம் பாம்பு மாதிரி நெளிந்தது. வழுக்குகிறது என்று நினைத்தேன். இறங்கிப் பார்த்தால் தரையோடு தரையாகக் காற்று இறங்கியிருந்தது.

கதிரை ஆடு மேயக் கூடாது என்று ராத்திரியெல்லாம் மேலே வேலாமுள் போட்டு மூடி வைப்பார்களாம். காலையில் எடுத்துப் போட்டதில் ஒரு கிளை தாளுக்குள்ளேயே கிடந்திருக்கிறது. முள் இரண்டு இஞ்ச் இருக்கும், எலும்பு மாதிரி வெள்ளையாக. "எங்க முள்ளுதான்," என்று அந்த அக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது. இல்லை அக்கா, எங்கே வேண்டுமானாலும் ஏறியிருக்கும் என்றேன். "அதெப்படி, எங்க கொல்லை முள்ளு எனக்குத் தெரியாதா?"

சென்டர் ஸ்டாண்ட் கிடையாது இந்த வண்டிக்கு. திண்ணையிலிருந்த வீட்டுக்கார அண்ணன் எழுந்து போய் அம்மி மாதிரி ஒரு கல்லை உருட்டிக்கொண்டு வந்தார், எஞ்சின் கவசத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்தோம். அச்சு நட்டைக் கழற்றி, செயினை ஸ்ப்ராக்கெட்டிலிருந்து எடுத்து, சக்கரத்தை உருவி, டயர் விளிம்பை ரிம்மிலிருந்து பிரிக்கிற இடத்தில்தான் என் படிப்பு நின்றது. பூட்ஸ் காலால் மிதி மிதி என்று மிதிக்கிறேன், அசையவில்லை. அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தவர், வேட்டியை மடித்துக் கட்டி, குதிகாலை ரிம்முக்கு ஒட்டி வைத்து, உடம்பு எடை முழுவதையும் ஒரே இடத்தில் இறக்கினார். பொக் என்று பிரிந்தது. டிராக்டர் டயருக்கு இப்படித்தானாம். அப்புறம் லீவர், அப்புறம் 21 இஞ்ச் டியூபை ஓரிடத்தில் மடிப்பாக விட்டு உள்ளே தள்ளுவது, லீவர் டியூபைக் கடிக்காமல் பார்ப்பது. டயருக்குள் கையை விட்டு சுற்றித் தடவச் சொன்னவரும் அவர்தான். நல்லவேளை, முள்ளின் நுனி இன்னும் உள்ளேயே இருந்தது. எடுக்காமல் பூட்டியிருந்தால் ஒரே ஒரு டியூபும் போயிருக்கும். காற்று அடிக்கக் கைப்பம்பில் முந்நூறு தடவைக்கு மேல், வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் முறை வைத்து அடித்தார்கள், எனக்கு முறையே வரவில்லை.

அதற்குள் களி வந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தேன், அந்த அக்கா பார்த்த பார்வையில் கை கழுவப் போய்விட்டேன். கிரிக்கெட் பந்து அளவுக்கு ஒரு உருண்டை, பித்தளைத் தட்டில் பளபளவென்று, நடுவில் குழி பண்ணிப் பிதுக்கம்பருப்புக் குழம்பு. பச்சை அவரைக்கொட்டையை ஊறவைத்து ஒவ்வொன்றாகத் தோல் பிதுக்கி எடுத்துச் செய்கிற குழம்பு, பொறுமை இல்லாதவர்கள் வீட்டில் நடக்காது. களியை மெல்லக் கூடாது, குழம்பில் புரட்டி விழுங்கணும். அம்மா செய்வார், ஆனால் எங்கள் வீட்டு மாவு மிஷின் மாவு, பாக்கெட்டில் வருவது. இது போன வருஷத்து ராகி, குதிரிலிருந்து எடுத்து அரைத்தது, வாசனையே வேறு.

சாப்பிட்டுக்கொண்டே என் திட்டத்தைச் சொன்னேன். சாயங்காலம் வரைக்கும் சுற்றிவிட்டு ஜவளகிரி பக்கமாக உள்வழியில் திரும்பலாம் என்று. அண்ணன் தலையை ஆட்டினார். "நாலு மணிக்கு மேல அந்தப் பக்கம் வேணாம்." பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டம் வருஷா வருஷம் ராகி அறுப்பு நேரத்துக்குச் சரியாக தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு இறங்கும். ஆனைக்கும் காலண்டர் தெரியும் என்றார். காட்டை 2014இல் காவிரி வடக்கு சரணாலயம், 2022இல் காவிரி தெற்கு சரணாலயம் என்று அறிவித்தார்கள். காட்டுக்குள்ளே இருக்கிற மண் பாதைகளில் நம் இஷ்டத்துக்கு வண்டி விடக்கூடாது, விடவும் மாட்டார்கள். இதை மீறி ஓட்டி வீடியோ போடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஆனால் யானைக்கு சரணாலயத்து எல்லைக்கல் எங்கே என்று தெரியாதே. அவர்கள் கொல்லை ஓரத்தில் மரத்தின் மேல் ஒரு பரண் இருந்தது, அறுப்பு முடியும் வரைக்கும் ராத்திரி அங்கேதான் படுக்கையாம், டார்ச்சும் தகர டப்பாவுமாக. ஓட்டும்போது அதே மாதிரிப் பரண்களை நிறையப் பார்த்தேன், அழகாக இருக்கிறது என்று ஒன்றை போட்டோகூட எடுத்தேன். சாப்பிட்ட பிறகு அந்த போட்டோவைப் பார்க்க ஒரு மாதிரியாக இருந்தது.

காசு கொடுக்கப் பார்த்தேன், வாங்கவில்லை. கடலை மிட்டாய்ப் பாக்கெட்டைப் பையன்களிடம் கொடுத்தேன், அதற்கும் அக்கா ஒரு முறை முறைத்தார். கிளம்பும்போது, "ஞாயித்துக்கிழமைதான் லீவா? அடுத்த வாரமும் கதிரு இருக்கு" என்றார். கிண்டலா நிஜமா என்று இப்போது வரை தெரியவில்லை.

தளிக்கு வந்து தார் ரோடு பிடித்தேன். லிட்டில் இங்கிலாந்து என்பார்கள் தளியை. பெங்களூரு போலவே உயரமான இடம், மூன்று மணிக்கே காற்றில் குளிர் ஏறிவிட்டது. பின் சக்கரத்தில் மடிந்து கிடக்கிற டியூப் வேகமாகப் போனால் சூடாகும் என்று பயந்து ஐம்பதைத் தாண்டவில்லை, ஓசூர் ரோட்டில் ஆட்டோக்காரர்கள்கூட ஹாரன் அடித்துத் தாண்டினார்கள். வீட்டுக்கு வந்தபோது எட்டு மணி. அம்மா கதவைத் திறந்து, தலை முதல் கால் வரை சிவப்பாக நின்றவனைப் பார்த்து, "ஓசூர்ல ரோடு போடலியா இன்னும்?" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மறுநாள் காலை ஆபீசுக்கு முன்னால் தெருமுனைப் பஞ்சர் கடை. மலையாளிச் சேட்டன், எனக்குப் பத்து வருஷப் பழக்கம். டயரைப் பிரித்து டியூபை வெளியே இழுத்தார், இழுத்தார், அது வந்துகொண்டே இருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இது முன்னாடி டியூப் அல்லவா?" ஆமாம் என்றேன். "எத்தனை தூரம்?" 60 கிலோமீட்டர் இருக்கும் என்றேன். மடிப்பு விழுந்த இடத்தை விரலால் தடவிக் காட்டினார், அங்கே ரப்பர் வெளுத்துப் போயிருந்தது.

அப்புறம் அச்சில் சுற்றியிருந்த ராகித் தாளைக் குறடால் பிடுங்கிப் பிடுங்கி எடுத்தார், ஒரு கைப்பிடிக்கு மேல் வந்தது. வீணாக்குவானேன் என்று தெருவில் நின்றிருந்த மாட்டுக்கு நானே கொண்டுபோய் நீட்டினேன். மோந்து பார்த்தது. செயின் ஆயில் வாசனை பிடிக்கவில்லை போல, தலையைத் திருப்பிக்கொண்டு எதிர்வீட்டு வாழைப்பழத் தோலுக்குப் போய்விட்டது.